ஸ்பிரிங், அவன்கிட்ட சொல்லு

சோபா ரிப்பேர் கடையில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சு நின்றால் கடையில் கொஞ்சம் அமைதியாவது வந்திருக்க வேண்டும். அந்தக் கொடுப்பினையும் அண்ணிக்கு இல்லை. இருவரும் முன்பைவிட அதிகமாகப் பேசினார்கள். நாயிடம் பேசினார்கள்.

"ஸ்பிரிங், அவன்கிட்ட சொல்லு, கைப்பிடிக்கு இந்த ஃபோம் பத்தாது."

"ஸ்பிரிங், பத்தும்னு சொல்லு. அளந்துதான் வெட்டியிருக்கேன்."

"ஸ்பிரிங், அளக்கறதப் பத்தி யாரு பேசறதுன்னு கேளு."

அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வாள். அவள் பெரியவரின் மனைவி, சின்னவருக்கு அண்ணி. கடைக்கு வருகிறவர்கள், ஃபோம் இறக்க வரும் வண்டிக்காரர் என்று எல்லோரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போதெல்லாம் கட்டின புருஷனே சில சமயம் "அண்ணி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். கீழே கடை, மாடியில் வீடு. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட சின்னவருக்கு மாடியில் ஓர் அறை. சோபாவுக்கு உறை தைப்பது அண்ணியின் வேலை. அதனால் காலையில் கடையில் ஆரம்பிக்கிற கூத்தின் மிச்சத்தை ராத்திரிச் சாப்பாட்டு மேசை வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் அவளுக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு மெத்தை ரெண்டு விரல் குறைந்துவிட்டது. அவ்வளவுதான். சாய்வு நாற்காலிக்குச் சொந்தக்காரம்மா வந்து மெத்தையைப் பொருத்திப் பார்க்கும்போது பக்கவாட்டில் இடைவெளி பல்லைக் காட்டியது. பெரியவர் அந்தம்மாவிடம், "என் தம்பிக்கு டேப் பிடிக்கவே வராதுங்க, நாங்களும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தம்மாவும் சிரித்தாள். சின்னவர் டேப்பைச் சுருட்டி வெட்டு மேசையில் வைத்தார். அத்தோடு சரி. அன்று சாயங்காலமே பெரியவர் ஒரு வார்த்தை இறங்கி வந்திருந்தால் முடிந்திருக்கும். "அவனே வரட்டும்" என்று இவர் இருக்க, "அவர் வரட்டும்" என்று அவர் இருக்க, இருவரும் உம்மென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சோபா வேலை ஒற்றை ஆள் வேலை இல்லையே. ஒருவர் ரெக்சினை இழுத்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் காற்றுத் துப்பாக்கியால் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். 'இன்னும் இழு', 'போதும்', 'விடு' என்று சொல்லாமல் ஒரு ஸ்டூலுக்குக்கூட உறை போட முடியாது. ஒரு முழுப் பகல் இருவரும் கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியைக் கோணலாக மூடி முடித்தார்கள். மறுநாள் பெரியவர் மேசைக்கு அடியில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "ஸ்பிரிங், அவன்கிட்ட சொல்லு, இடது பக்கம் தளர்வா இருக்கு" என்றார். அன்று அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதே மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் மேல் எறிந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

ஸ்பிரிங் பழுப்பு நிற நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். குட்டியாக அண்ணியின் முந்தானைக்குள் இருந்துகொண்டு இந்தக் கடைக்கு வந்த அன்றே பழைய சோபாக் கம்பிச் சுருள் மாதிரி எகிறி எகிறிக் குதித்ததால் அந்தப் பெயர். இப்போது அது குதிப்பதில்லை. முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தது. முள் ஏதாவது ஏறியிருக்கும் என்று அண்ணி விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு விரலின் மேல் முடி கொட்டியது. பிறகு குஷன் பொத்தான் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்தது. தூக்கம் வராமலே கொட்டாவி விட்டது. தின்ன ஒன்றும் இல்லாமலே உதட்டை நக்கியது. பின் அடிக்கக் காற்றுத் தரும் கம்ப்ரஸர் தடதடக்காத நேரத்தில்கூட நடுங்கியது. உடம்பிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கழன்று புது உறைகளில் ஒட்டிக்கொண்டது.

உடனே யார் குற்றவாளி என்ற விசாரணை ஆரம்பித்தது. அதுவும் நாய் மூலமாகத்தான்.

"ஸ்பிரிங், எல்லாம் அவன் தொறந்து போடற பசை டப்பாவோட நாத்தம்தான்."

"ஸ்பிரிங், அவரு காதுல பஞ்ச வெச்சுக்கிட்டு பின் அடிக்கறாரே, உன் காதுல யாரு பஞ்சு வெக்கறதுன்னு கேளு."

சின்னவர் நாய்க்கு மனசு லேசாகட்டும் என்று ரேடியோவில் மெல்லிய இசை வைத்தார். வேலையில் கவனம் சிதறுகிறது என்று பெரியவர் அதை அணைத்தார். பெரியவர் காலில் துணி சுற்றிவிட்டார். காற்றுப் பட்டால்தான் ஆறும் என்று சின்னவர் அவிழ்த்துவிட்டார். இதற்கெல்லாம் சிகரமாகப் படுக்கை வந்தது. நாய்க்குச் சுகமான படுக்கை இல்லாததுதான் கோளாறு என்று பெரியவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, கடையிலேயே உயர்ந்த ஃபோமை எடுத்து, ஓரத்தில் கயிறு வைத்துக் குழாய்த் தையல் கொடுத்து, ஒரு மெத்தை செய்தார். மந்திரி வீட்டில்கூட அப்படி ஒரு மெத்தை இருக்காது. சின்னவர் சும்மா இருப்பாரா? அவர் மூன்று பக்கமும் சாய்மானம் வைத்து, வெல்வெட்டில் உறை போட்டு இன்னொன்று செய்தார். ஒன்று கடையின் இந்தச் சுவர் ஓரம், மற்றது அந்தச் சுவர் ஓரம்.

"ஸ்பிரிங், இங்க வா."

"ஸ்பிரிங், இந்தப் பக்கம் வாடா."

நாய் இரண்டுக்கும் நடுவில் நின்றது. இவர் முகத்தைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு வெறும் சிமெண்டுத் தரையில் சுருண்டு படுத்து, மறுபடி காலை நக்க ஆரம்பித்தது. அண்ணி எழுந்து போய் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லாத குறையை இந்த நாய் தீர்த்தது என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அதன் காலிலிருந்து ரத்தம் கசிவதைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை.

நாய் டாக்டரம்மா காலைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், வேறு வியாதி எதுவும் இல்லை என்றாள். "ஏதோ பதற்றம். வீட்டுல ஒரு நாள் அது எப்படி இருக்குன்னு வீடியோ எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினாள். அண்ணி ஆணி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தாள். வீடியோவில் இருவரும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா எதிரில் அது ஓடும்போது இன்னும் வெட்கமாக இருந்தது.

"இப்ப கூப்பிட்டது யாரு?" என்றாள் டாக்டரம்மா.

"எங்க வீட்டுக்காரர்."

"எதுக்குக் கூப்பிட்டாரு?"

"சும்மா."

"இப்ப கூப்பிடறது?"

"அவரோட தம்பி."

"இவரு எதுக்கு?"

அண்ணி முந்தானையை விரலில் சுற்றினாள். "அவங்க நாய்கிட்ட பேசலங்க. நாய் வழியா பேசிக்கறாங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

டாக்டரம்மா வீடியோவை நிறுத்திவிட்டு அண்ணியையே பார்த்தாள். சிரிப்பாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அதுக்கு அது தெரியாதும்மா. தன் பேரு காதுல விழுது, எழுந்து போகுது. போய் முகத்தப் பாக்குது. முகம் கோபமா இருக்கு. என்ன செய்யணும்னு புரியல. திரும்பி வருது. வந்து படுக்கறதுக்குள்ள இன்னொருத்தர் கூப்பிடறாரு. நாள் பூரா கூப்பிடறாங்க. நாள் பூரா நாம ஏதோ தப்பாவே செய்யறோம்னு அது தவிச்சுக்கிட்டு இருக்கு. வேற போக்கிடம் இல்ல, கால நக்குது."

டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டுச் சில கட்டளைகளும் போட்டாள். இனிமேல் அதற்கென்று ஏதாவது இருந்தால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தின்னவோ, வெளியே போகவோ, தடவிக் கொடுக்கவோ. இல்லாவிட்டால் பெயரையே எடுக்கக் கூடாது. அதன் காதுபடக் குரலை உயர்த்தக் கூடாது. அதுவாக ஓர் ஒளிவிடம் தேடிக்கொண்டால் அங்கிருந்து யாரும் அதை இழுக்கக் கூடாது.

"புண்ணு எலும்பத் தொட்டுடுச்சுன்னா அந்த விரலையே எடுக்க வேண்டி வரும்" என்றாள் கடைசியில். "எடுத்தாலும், வீடு இப்படியே இருந்தா அடுத்த கால நக்க ஆரம்பிச்சுடும். மாத்த முடியலன்னா சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச அமைதியான வீடு ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை வரும்போது முடிவு பண்ணலாம்."

வழி நெடுக அண்ணிக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. அமைதியான வீடாம். தன் வீட்டு நாய்க்கு அடுத்தவர் வீட்டில் அமைதி கிடைக்கப் போகிறது, இந்த இரண்டு தடிமாடுகளும் இங்கேயே இருக்கப் போகின்றன. முடிந்தால் நாயை வைத்துக்கொண்டு இவர்களை அந்த வீட்டுக்கு அனுப்பலாம்.

கடைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். இருவரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இருவர் முகமும் வெளுத்ததையும் பார்த்தாள். பரவாயில்லை, உறைத்துவிட்டது என்று அவள் மூச்சு விடுவதற்குள் பெரியவர் ஆரம்பித்தார்.

"ஸ்பிரிங், கேட்டியா, அவன் அன்னைக்கே வந்து பேசியிருந்தா—"

"வாய மூடுங்க" என்றாள் அண்ணி. நாய் ஏற்கெனவே எழுந்து அவர் முன்னால் போய் நின்றிருந்தது. காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு உதட்டை நக்கியது. பெரியவர் அதைப் பார்த்தார். முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகாவது நேராகப் பேசிக்கொண்டார்களா என்றால், அதுதான் இல்லை. பெரியவர் மின்விசிறியிடம் பேசினார். "யாராவது அந்தக் கத்தரியக் குடுத்தா நல்லா இருக்கும்" என்று அண்ணாந்து பார்த்துச் சொல்வார். சின்னவர் பஞ்சு பிதுங்கி நிற்கிற நாற்காலியிடம், "கத்தரி அவங்கவங்க கைக்குப் பக்கத்துலயேதான் இருக்கு" என்பார். நாற்காலியும் மின்விசிறியும் சலித்துப்போனதும் இருவர் பார்வையும் அண்ணி பக்கம் திரும்பியது.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க, அந்த மூணு பேர் உக்கார்ற சோபா சாயங்காலம் போகணும்."

"நீயே அவன்கிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்னு."

"ரெண்டு பேருக்கும் நானே சொல்றேன்" என்றாள் அண்ணி. "எனக்குக் கால நக்கற பழக்கம் இல்ல. கையில இருக்கறத எடுத்து மண்டையில போடற பழக்கம்தான் இருக்கு."

அதோடு அவளையும் விட்டுவிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றது, நிஜம். ஆனாலும் குரலில் இருந்த விறைப்பு எங்கே போகும்? அது கேட்கும்போதெல்லாம் நாய் தலையைத் தூக்கியது. மெத்தை ரெண்டையும் விட்டுவிட்டு, மரத் தாங்கிகளின் மேல் ஏற்றி வைத்திருந்த அந்த மூன்று பேர் சோபாவுக்கு அடியில் இருட்டாக இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. புண்ணில் மருந்து போட்டு அண்ணி கட்டிய கட்டு பாதி அவிழ்ந்து கிடந்தது.

சாயங்காலம் சோபாவை இறக்க வேண்டிய நேரம் வந்தது. இந்த வேலையை அவர்கள் எத்தனையோ வருஷமாகச் செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள். தூக்கினபடியே காலால் தன் பக்கத்துத் தாங்கியைத் தள்ளிவிடுவார்கள். பிறகு மெதுவாகத் தரையில் இறக்குவார்கள். பேச்சே தேவைப்படாத ஒரே வேலை இதுதான் என்பதால் இந்த எட்டு மாதத்தில் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். இன்றைக்கும் தூக்கினார்கள். தாங்கிகளைத் தள்ளினார்கள். அவை தடாலென்று சாய்ந்தன. இறக்கக் குனிந்தபோதுதான் இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சோபாவுக்குச் சரியாக நடுவில், அந்தச் சத்தத்தில் வெலவெலத்துப்போய், நாய் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. சாய்ந்த தாங்கிகள் சுற்றிலும் கிடந்ததால் நகர்ந்து போய் இறக்கவும் வழியில்லை.

அண்ணி மெஷினை விட்டு எழுந்தாள். பெரியவர் வாயைத் திறந்தார், "ஸ்பி" வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"டேய்" என்றார். "இறக்காத."

அது நாய்க்குச் சொன்னதல்ல. மின்விசிறிக்கும் அல்ல. அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தெரியுது" என்றார் சின்னவர். "உன் பக்கம் தாழ விடாத."

"நான் எங்கடா தாழ விட்டேன்?"

"மெதுவாப் பேசு. பயப்படுது பாரு."

பெரியவர் குரலை இறக்கினார். "கூப்பிடலாமா?"

"கூப்பிட்டா நம்ம கிட்டதான் வரும். வந்து காலுக்குள்ளேயே நிக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

"அதுவா எழுந்து போற வரைக்கும் நிப்போம்."

"நிப்போம்."

நின்றார்கள். பக்கத்தில் பிஸ்கெட் டப்பா இருந்தது. அதைக் குலுக்கினால் நாய் இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அண்ணிக்குத் தெரியும். டப்பாவைக் கையில் எடுக்கவும் செய்தாள். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இதைவிடக் கனமான மர அலமாரியை மாடி வரைக்கும் சுமந்த ஆட்கள் இவர்கள், அவ்வளவு சீக்கிரம் கை விட்டுவிட மாட்டார்கள். எட்டு மாதம் நாய் நின்றது. இவர்களும் கொஞ்சம் நிற்கட்டும்.

"எட்டு மாசம்" என்றார் பெரியவர், கிசுகிசுப்பாக. "ஒரு வார்த்தை பேசணும்னு தோணலல்ல உனக்கு."

"உனக்குத் தோணுச்சா?"

"நான் பெரியவன்டா."

"அப்ப நீதான் முதல்ல பேசணும்."

"ரெண்டு விரல் கம்மியா வெட்டினது யாரு?"

"நான்தான். இல்லன்னு எப்ப சொன்னேன்?" சின்னவரின் குரலும் மூச்சாகத்தான் வந்தது. கத்த வேண்டிய சண்டையைக் கத்தாமல் போடுவதில் இருவர் கழுத்து நரம்புகளும் புடைத்திருந்தன. "அத என்கிட்ட சொல்லியிருந்தா வேற வெட்டிக் குடுத்திருப்பேன். நீ அந்தம்மாகிட்ட சொன்ன. அவங்க சிரிச்சாங்க. நீயும் கூடச் சேந்து சிரிச்ச. இத்தனை வருஷம் வேலை செஞ்ச கடையில நான் எங்க போய் நிக்கறதுன்னே தெரியல எனக்கு."

சோபாவின் அடிக் கட்டையைப் பிடித்திருந்த பெரியவரின் விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது, துடைக்கக் கை இல்லை. கீழே இருந்த நாயைப் பார்த்தார், எதிரே இருந்த தம்பியைப் பார்த்தார்.

"சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

சின்னவர் பிடியை மாற்றிப் பிடித்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நேரா சொன்னா கேக்காம என்ன."

"ஒரு பேச்சுக்கு சொன்னதுடா அது."

"தெரியும். அதான் அன்னைக்கே வந்து சொல்லுவன்னு பாத்தேன்."

"நீ மூஞ்சிய அப்படி வெச்சிருந்தா எவன் வந்து சொல்லுவான்?"

"என் மூஞ்சியே அப்படித்தான். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அவர்கிட்ட பேசாமயா இருந்த?"

"அப்பாகிட்ட அடி வாங்கினதுதான் அதிகம்" என்றார் பெரியவர். சின்னவர் மூக்கால் சிரித்தார். அதில் சோபா ஆடியது. "ஆட்டாதடா" என்று பெரியவரும் சிரித்தார். இப்படியே பேச்சு அப்பாவிலிருந்து பழைய கடைக்குப் போனது, பழைய கடையிலிருந்து யாரோ திருப்பியே தராத ஒரு துளை போடும் மெஷினுக்குப் போனது.

அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாய் வெளிய வந்து ரொம்ப நேரமாச்சு. இங்க என் கால்கிட்ட படுத்திருக்கு. இனியாவது சோபாவ இறக்கறீங்களா, இல்ல வாடகைக்கு எடுத்து வெச்சுக்கறீங்களா?"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். சோபாவுக்கு அடியில் வெறும் தரை. இறக்கிவிட்டு ஆளுக்கு ஒரு மூலையில் போய், கையை உதறிக்கொண்டார்கள். நாய் அண்ணியின் பாதத்தின் மேல் தாடையை வைத்திருந்தது. அந்தக் கிசுகிசுப்பு நடந்த நேரம் முழுக்க அது ஒரு தடவைகூடக் காலை நக்கவில்லை. அண்ணி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, விரலை எடுக்க வேண்டாம், காய்ந்துகொண்டு வருகிறது என்றாள். அமைதியான வீட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அண்ணியும் வாய் திறக்கவில்லை. இப்போது கடையில் அண்ணனும் தம்பியும் ஓயாமல் பேசுகிறார்கள். எட்டு மாதப் பாக்கியை வட்டியோடு பேசுகிறார்கள். அதுவும் நாய்க்காகத் தணிந்த குரலில் பேசிப் பழகிவிட்டதால், நாள் முழுக்கக் காதருகே ரெண்டு வண்டு சுற்றுகிற மாதிரி இருக்கிறது. அண்ணி ஃபோம் துண்டை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டுதான் தைக்கிறாள். ரெண்டு மெத்தையையும் பிரித்து ஒரே மெத்தையாக்கினார்கள். எந்தத் துணி என்பதில் அரை நாள் வாதம். நாய் அதைச் சீந்தவில்லை. மேசைக்கு அடியில் ஃபோம் வந்த அட்டைப் பெட்டியில் படுக்கிறது.

ஒருநாள் அந்தச் சாய்வு நாற்காலி அம்மா ஒரு ஸ்டூலோடு மறுபடி வந்தாள். பெரியவர் டேப்பை எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். சின்னவர் அளந்தார். அந்தம்மா மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"அழகா தூங்குது. பேரு என்ன?"

சின்னவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி காதிலிருந்த ஃபோமை எடுத்தாள். மூவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாய்க்குப் பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தம்மா நினைத்திருப்பாள்.

"ஒரு நிமிஷம்ங்க" என்றார் பெரியவர். பிஸ்கெட் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, தரையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் சொன்னார்.

"ஸ்பிரிங்."

நாய் கண் விழித்தது. மடிந்த காதும் பாதி நிமிர்ந்தது. எழுந்து வந்து அவர் கையிலிருந்ததை வாங்கித் தின்றது. முகத்தை நிமிர்ந்து பார்த்து, இன்னும் ஏதாவது உண்டா என்று கொஞ்சம் நின்றது. அவர் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்து, "அவ்வளவுதான், போ" என்றார். அது பெட்டிக்குத் திரும்பிப் போய், ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துத் தூங்கிவிட்டது.